மறதி நோய் வந்த அம்மையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களும் அறிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மைக்கு 79 வயது. குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கத்தில் உங்களோடும் உங்கள் மனைவியோடும் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். இரண்டு வருடமாக மறதி கூடிக்கொண்டே வருகிறது: சொன்னதையே சொல்கிறார், மாலையானால் ‘எனக்க வீட்டுக்குப் போணும்’ என்று துணியை எடுத்துப் பையில் வைக்கிறார், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் பார்க்கிறார், தன் செயினை மருமகள் எடுத்துவிட்டாள் என்று வருவோரிடமெல்லாம் சொல்கிறார், சில நேரம் மலையாளத்திலேயே பேசிக்கொண்டு போகிறார். வயதானால் இப்படித்தான் என்று சிலரும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயதானால் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி; கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று திகைப்பது நோயின் அறிகுறி. டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலையில், மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிந்து, நினைவு, மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகின்றன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இது இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் ஊரிலேயே இன்னும் பல வீடுகளில் இதே கவலை வெளியே சொல்லப்படாமல் இருக்கக்கூடும். செய்வினை என்று சொல்பவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். பிரார்த்தனை செய்வதால் அம்மைக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் பட்டினி போடுவது, அடிப்பது, கட்டிவைப்பது போன்ற எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் போவதையும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் ஏன் போக வேண்டும் என்றால், மறதி நோய் போலவே தோன்றும் வேறு சில கோளாறுகளைச் சரிசெய்துவிட முடியும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தத்தில் சோடியம் இறங்குவது, எப்போதோ விழுந்தபோது மண்டையோட்டுக்குள் கசிந்து உறைந்த இரத்தம், மூளைக்குள் நீர் தேங்குவது, துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு, இவை அனைத்தும் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். காது கேளாமையும் கண்புரையும்கூட ஒருவரை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் முதியவர்களின் புத்தியை மந்தமாக்கிவிடும். அதனால் அம்மை சாப்பிடும் எல்லா மருந்துகளையும், பச்சிலை மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கேட்டுத் தொடங்கலாம். தனித்துறை மருத்துவரைப் பார்க்க வேண்டி வந்தால், உங்கள் பகுதியிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் தொலைவில் இல்லை. அங்கே நினைவாற்றல் குறைபாட்டுக்கென்றே சிகிச்சைப் பிரிவு உண்டு.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாக மெல்லக் கூடி வந்த குழப்பம் இரண்டே நாளில் திடீரென்று தலைகீழானால், ஆளே மாறிவிட்டது போலப் பிதற்றினால், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால், அதை மறதி நோய் முற்றிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரலில் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமை, புதிதாகச் சேர்த்த மாத்திரை போன்ற ஏதாவது ஒன்று பின்னால் இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அவசரம் அது.

பரிசோதனைகளெல்லாம் முடிந்து மறதி நோய்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் அது அல்சைமர் வகையாகவோ, இரத்தக்குழாய் அடைப்புகளால் வருவதாகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருக்கும். டொனெபெசில், மெமன்டின் போன்ற மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் ஓரளவு உதவும். நோயை நிறுத்தவோ திருப்பவோ செய்யா. சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பது அதைவிட முக்கியமானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வரும். மருந்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் அதிகம் இல்லை. மீதி அனைத்தும் பராமரிப்பில்தான் இருக்கிறது, அதற்குத் தேவையான அறிவில் பெரும்பகுதி மருத்துவரிடத்தில் இல்லை, உங்கள் குடும்பத்தாரிடம் இருக்கிறது. இந்தப் பதிலில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

அல்சைமர் நோயில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பாகம். இன்று நடந்ததை நினைவாகப் பதிக்கும் வேலை அதனுடையது. எனவே காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பதிவதே இல்லை. பதியாததை எத்தனை முறை கேட்டாலும் எடுக்க முடியாது. ஆனால் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் பதிந்தவை நெடுநாள் நிற்கும். கை பழகிய தொழில், வாய் பழகிய பாட்டு, செபம் ஆகியவை மூளையில் வேறு பாதையில் இருப்பதால் அவை இன்னும் நீண்ட காலம் தாங்கும். எல்லாவற்றையும்விட உணர்ச்சி தங்கும். 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைக் காட்டினார்கள். படத்தில் என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்ட பின்னும் படம் உண்டாக்கிய துக்கமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்தன. ‘எல்லாத்தையும் மறந்துபோவாங்க, என்ன சொன்னா என்ன’ என்று யாராவது அம்மையை அதட்டினால், அதட்டிய வார்த்தை போய்விடும், அதட்டு தந்த பயம் அதற்குப் பிறகும் உள்ளே கிடக்கும்.

1990-களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் காப்பகங்களில் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு ஒரு நாள் முழுவதும் என்ன நேர்கிறது என்பதைக் கவனித்தார். மூளையின் சேதம் ஒரு பக்கம் இருக்க, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமே அவர்களைப் பாதி அழிக்கிறது என்று அவர் கண்டார். குழந்தையைப் போலப் பேசுவது, அவர் இருக்கும்போதே அவர் இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசுவது, அவசரப்படுத்துவது, ஏமாற்றுவது, அவரால் செய்ய முடிந்ததையும் பிடுங்கி நாமே செய்துவிடுவது, இவை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வன அல்ல, ஆனாலும் ஒருவருடைய தன்மதிப்பைத் தின்றுவிடுகின்றன. ஆறுதல், பற்று, கூட்டத்தில் தானும் ஒருவர் என்ற உணர்வு, ஏதாவது ஒரு வேலை, தான் யார் என்ற அடையாளம் ஆகிய இவை நோயாளிக்கும் வேண்டும் என்றார். ஆளை மையமாக வைத்த பராமரிப்பு என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதற்கு இதுவே அடித்தளம்.

இதை உங்கள் அம்மையிடம் பொருத்திப் பார்ப்போம். மூன்று மணிக்கு எழுவதை ‘இரவில் தூக்கமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பால் வெட்டுகிறவர்கள் எழும் நேரம் அதுதான். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய், வரிசை வரிசையாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து வைத்து, திரும்பி வந்து பாலெடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்தவர் அவர். முப்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு இன்றும் எழுகிறது. கதவைத் திறக்கப் பார்ப்பவர் வேலைக்குப் போகிறார். ‘பேசாமப் படுங்க’ என்று இழுத்தால் ஒரு தொழிலாளியை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஆளாகத்தான் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரிவீர்கள். அதற்குப் பதில் விளக்கைப் போட்டு, ஒரு கட்டங்காப்பியைக் கையில் கொடுத்து, ‘இன்னைக்கு மழை அம்மை, வெட்டு இல்ல’ என்று யாராவது சொல்லிப் பாருங்கள். மழையில் வெட்டு நிற்பது அவர் வாழ்க்கையில் நூறு முறை நடந்தது. அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு நினைவாற்றல் தேவையில்லை. பொய் சொல்லலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் வாழும் காலத்துக்குள் போய்ப் பேசுவதாகவே நான் இதைக் கருதுகிறேன். ஆனாலும் சொல்லாமலே சமாளிக்க முடிந்தால் அதுவே மேல்: காப்பியைக் குடித்தபடி பத்து நிமிடம் உடன் உட்கார்ந்து தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் பல நாள் அதுவே போதும். பகலில் அவருக்கு வேலை வேண்டும். கத்தியைக் கொடுக்க முடியாது; காய்ந்த சிரட்டைகளைத் துடைத்து அடுக்கலாம், உள்ளி உரிக்கலாம், பயறு பொறுக்கலாம். சரியாகச் செய்யாவிட்டால் அவர் பார்க்காதபோது நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். பகலில் உழைத்தால் இரவில் தூக்கமும் சற்று நீளும்.

மாலையில் ‘வீட்டுக்குப் போணும்’ என்பது இந்த நோயில் எல்லா ஊரிலும் கேட்கும் வார்த்தை. பொழுது சாயும்போது களைப்பும், மங்கிய வெளிச்சமும், நிழல்களும் சேர்ந்து இருக்கும் இடத்தை அந்நியமாக்கிவிடும். ‘இதுதானே உங்க வீடு, முப்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். முதலில் சிறுநீர் கழிக்க வேண்டுமா, பசியா, முழங்கால் வலியா என்று பாருங்கள். சொல்லத் தெரியாத உபத்திரவம் பலமுறை அந்த வார்த்தையாக வெளிவரும். ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். பிறகு ‘வீட்டுல யாரெல்லாம் உண்டு அம்மை?’ என்று கேளுங்கள். பிறந்த வீடு, வாழை நின்ற பறம்பு, அக்காமார் என்று பேச்சு போகும். முற்றத்தைச் சுற்றி ஒரு நடை கூட்டிப் போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் தணிந்துவிடுவார். அவர் தேடுவது பாதுகாப்பை. அது கிடைத்தால் முகவரி பின்னுக்குப் போய்விடும்.

நகைக் குற்றச்சாட்டுதான் உங்கள் மனைவியை அதிகம் வருத்தியிருக்கும். 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவரிடம் வந்து, பின்னர் இந்த நோய்க்கே அவர் பெயர் வரக் காரணமான அந்த 51 வயதுப் பெண்ணிடமும் கணவர் மீது சந்தேகமும் பொருள்களை ஒளித்துவைக்கும் பழக்கமும் இருந்தன. பத்திரம் என்று எண்ணி அம்மை செயினை எங்கோ வைக்கிறார். வைத்த நினைவு பதியவில்லை. செயினைக் காணோம் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை அந்த இடைவெளியை நிரப்புகிறது. எப்போதும் அருகில் இருந்து குளிப்பாட்டி ஊட்டுகிறவர் மேலேயே பழி விழும். உங்கள் மனைவியின் மீது பழி விழுகிறது என்றால் அவர்தான் அதிகம் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். அவர் ‘நான் எடுக்கல்ல’ என்று வாதாட வேண்டாம். ‘காணலியா, வாங்க, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லட்டும். அரிசிப் பானை, தலையணை உறை, பழைய முண்டின் மடிப்பு என்று அம்மை ஒளிக்கும் இடங்களைக் குறித்துவையுங்கள். தங்கத்தை எடுத்துவைத்துவிட்டு அதே போன்ற கவரிங் செயினைப் போட்டுவிடலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: அம்மையின் அக்கா தங்கைகளையும் பக்கத்து வீட்டாரையும் ஒருமுறை உட்காரவைத்து, இது நோய், என் மனைவி திருடவில்லை என்று மகனாகிய நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைப் பலர் கூச்சத்தால் தவிர்க்கிறார்கள். அதற்கான விலையை வீட்டுப் பெண்தான் கொடுக்கிறாள்.

மலையாளம் பேசுவதில் பயப்பட ஒன்றுமில்லை. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அம்மை வயதினர் பலர் பிள்ளைப் பருவத்தில் மலையாளத்தில்தான் எழுத்துப் படித்தார்கள். பழைய காலத்துக்குப் போகிறவருக்கு அந்தக் காலத்து மொழியும் கூடவே வருகிறது. தெரிந்தவரை அதே மொழியில் பதில் சொல்லுங்கள். அவர் பழகிய வழிபாடு எதுவோ, கீர்த்தனையோ, செபமாலையோ, பஜனையோ, அய்யாவழிப் பதியில் உகப்படிப்போ, அதற்கு அவரைக் கூட்டிப் போவதை நிறுத்தாதீர்கள். பெயர்களைத் தொலைத்தவர்கள்கூட அங்கே வரி பிசகாமல் கூடச் சொல்வதைக் காணலாம்.

இறந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வது என்பது கடினமான கேள்வி. கடற்கரை ஊர்களில் ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் இறுதியில், கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை இன்னும் கரைக்கு வந்தானா என்று கேட்கும் வயதான தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். ‘அவன் செத்துப்போயிட்டானே’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது முதல் செய்தி. அழுகையும் முதல் அழுகை. நோயின் ஆரம்பக் கட்டத்தில், நேராகக் கேட்டால் உண்மையை மெல்லச் சொல்லலாம். முற்றிய பிறகு அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள்: ‘மகன் ஞாபகமா இருக்கா? அவனுக்கு என்ன கறி பிடிக்கும்?’ என்று. உங்கள் அப்பாவை அம்மை தேடும்போதும் இதுவே வழி.

வருகிறவர்கள் ஹார்லிக்ஸையும் மட்டிப் பழத்தையும் மேசையில் வைத்த கையோடு ‘என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்’ என்று ஆரம்பிப்பார்கள். ஒருவரைத் தேர்வில் தோற்கடிப்பதாகவே அது முடிகிறது. வாசலிலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள்: பெயரையும் உறவையும் தாங்களே சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டும்.

குளிப்பதற்கு மறுக்கிறார் என்றால் பெரும்பாலும் பயமும் வெட்கமும்தான் காரணம். ஷவர் தலையில் கொட்டுவது ஆற்றிலும் குளத்திலும் குளித்துப் பழகியவருக்கு அதிர்ச்சி. வாளியில் வெதுவெதுப்பான நீரை வைத்து, காலிலிருந்து தொடங்கி, உடம்பைத் துவர்த்தால் (துண்டால்) மூடியபடி பகுதி பகுதியாக ஊற்றுங்கள். தினமும் குளித்தாக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சோற்றை வெள்ளைத் தட்டில் வைத்தால் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, நிறத் தட்டில் வையுங்கள். வேகவைத்த மரச்சீனித் துண்டு, அவித்த ஏத்தன் பழம் என்று கையில் பிடித்துச் சாப்பிடுபவை நல்லவை. மீனில் முள்ளை நீங்களே எடுத்துவிட வேண்டும். பின்னாளில் விழுங்கச் சிரமப்பட்டால் நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த கஞ்சியைச் சிறு சிறு கரண்டியாகக் கொடுங்கள். முற்றிய நிலையில் மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் ஆயுளைக் கூட்டுவதோ புரையேறுவதைத் தடுப்பதோ இல்லை என்பதால் மருத்துவச் சங்கங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அது குழப்பத்தைக் கூட்டும், கால் தடுமாறி விழவைக்கும். 79 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் மறதி நோயாளிகளிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அளவில் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு அவை பயன்பட வேண்டும். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இதை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

வெளியே போய்விடும் ஆபத்து உங்கள் பக்கத்தில் வேறு ஊர்களைவிட அதிகம், ஏனென்றால் கிணறும் குளமும் கால்வாயும் காலடியில் இருக்கின்றன, இரண்டு பருவமழையும் பெய்து முற்றம் பாசி பிடித்துக் கிடக்கும். கிணற்றுக்கு வலை போடுங்கள், தாழ்ப்பாளைக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், ஆனால் அம்மையை உள்ளே தனியாகப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தொலைபேசி எண் எழுதிய சிறு தகட்டை வளையலில் கோக்கலாம். ஆட்டோ ஸ்டாண்டிலும் சாயாக்கடையிலும் அம்மையின் படத்தைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அம்மையைச் சிறுவயதில் எப்படிக் கூப்பிட்டார்கள், எதற்குப் பயப்படுவார், சாயாவில் எவ்வளவு சீனி, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார், எந்தப் பாட்டு, யாரோடு பிணக்கு, எது சொன்னால் சிரிப்பார் என்று அவருடைய அக்கா தங்கைகளிடம் கேட்டு எழுதுங்கள். நாளை ஹோம் நர்ஸ் வந்தாலும், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், அந்தப் புத்தகம்தான் அம்மையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லும். பத்திரம், வங்கி, ஓய்வூதியம் பற்றிய முடிவுகளை அம்மைக்குப் புரியும் நாள்களிலேயே, வழக்கறிஞரைக் கேட்டு, அவர் விருப்பப்படி முடித்துவிடுங்கள். புரியாத நிலையில் அவர் கைரேகையை வாங்குவது தவறு, பின்னால் வழக்குக்கும் வழி.

முதியோர் இல்லம் பாவமா என்று கேட்டீர்கள். வீட்டில் கட்டிவைத்து, திட்டி, பட்டினி போடுவதுதான் பாவம். ஓர் இல்லம் நல்ல இடமா என்று அறிய முன்னறிவிப்பில்லாமல் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்: யாரையாவது நாற்காலியில் கட்டியிருக்கிறார்களா, ஊழியர்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், உங்கள் நோட்டுப் புத்தகத்தை வாங்கி வாசிக்கிறார்களா என்று. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்று அந்தக் கட்டம் வரவில்லை. வந்திருப்பது உங்கள் மனைவியின் களைப்பு. முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416, இரண்டிலும் இலவசமாகப் பேசலாம். அந்த இரண்டாவது எண் நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்கும்தான்.

வளைகுடாவில் இருக்கும் உங்கள் அண்ணன் வீடியோவில் தினமும் அம்மையிடம் தன் பெயரைக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்திவிட்டு, ‘அம்மை, நான் மூத்தவன் பேசுறேன்’ என்று தொடங்கச் சொல்லுங்கள். பகல் நேரத்துக்கு ஒரு ஹோம் நர்ஸுக்கான சம்பளத்தை அவர் ஏற்கட்டும். அடுத்த விடுப்பில் அவர் வந்திருக்கும்போது பகலும் இரவும் அம்மையோடு அவரே இருக்க, உங்கள் மனைவியை அவருடைய அம்மை வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பிவையுங்கள்.